வைக்காத கால்

எங்கள் கிளப்பில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட் ரிப்பேர் அவர் தொழில். பதினெட்டு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு மருத்துவமனை, இரண்டு அலுவலகங்கள், மீதி அடுக்குமாடி வீடுகள். கறாரான மனிதர். பிரேக் தேய்ந்திருந்தால் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். "ஒரு வாரம் மட்டும் ஓட்டிக்கிறோமே" என்று ஆறாவது மாடிக்காரர்கள் கெஞ்சினாலும் காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் ட்ரயல்ஸ் பைக் ஓட்டுவார். ட்ரயல்ஸ் என்றால் பந்தயம் என்று நினைத்து வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். வேகத்துக்கு அங்கே மரியாதை கிடையாது. வண்டியில் சீட்டே இருக்காது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பாறைமேல் ஏற வேண்டும், மரக்கட்டையைத் தாண்ட வேண்டும், மண்சரிவில் இறங்கியதும் இறங்காததுமாக முழங்கை மாதிரி மடங்கும் வளைவில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரு பக்கமும் நாடா கட்டியிருக்கும். அதற்குள் தரையில் கால் வைக்காமல் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை கால் வைத்தால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்குக் கோப்பை. அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பட்டியல் போடுகிற வேலை என்னுடையது. மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

பதினோரு வருடம் என் பட்டியலில் லிஃப்ட்காரர் மூன்றாம் இடத்துக்குக் கீழே போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் வளைவில் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" பத்து வசவுக்குச் சமம்.

அப்போதுதான் அவருடைய சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். பல்செட் செய்வது தொழில். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு விளக்கடியில் குனிந்து நாள் முழுக்க மெழுகில் பல் செதுக்குவார். ஒல்லி. பேச்சும் ஒல்லி. ஒரு ஞாயிறு பொழுது போகாமல் குவாரிக்கு வந்தவரிடம், "சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க சகலை" என்று தன் வண்டியைக் கொடுத்ததே லிஃப்ட்காரர்தான். சகலை நான்கு தடவை விழுந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். லிஃப்ட்காரர் சிரித்தது தனியாகக் கேட்டது. மறுமாதம் சகலை ஒரு பழைய வண்டி வாங்கிக்கொண்டு வந்தார். முதல் போட்டியில் நாற்பத்தேழு புள்ளி, கடைசி இடம். லிஃப்ட்காரர் அவரைத் தோளில் கை போட்டு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். சகலை விழுந்துகொண்டிருந்தவரை அவரை இவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாம் வருடம் கணக்கு மாறியது. சகலைக்கு ஒன்பது, லிஃப்ட்காரருக்குப் பதினான்கு. பட்டியலைப் படித்ததும் லிஃப்ட்காரர் நேராகப் போய் சகலை முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டல் கொஞ்சம் பலமாகவே விழுந்தது, சகலைக்குப் புரையேறிவிட்டது. அடுத்த போட்டியிலும் அதே கதை. அதற்கடுத்ததில் சகலைக்கு இரண்டாம் இடம், இவருக்கு ஆறாவது.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "சின்ன மாப்பிள்ளைக்குக் கையில என்னமோ இருக்கு" என்று மாமியார் சொல்லுவாராம். வாயில் போட்ட சோறு அப்படியே நிற்குமாம். குவாரியில் தன் முறைக்குக் காத்திருக்கும்போது, தூரத்தில் சகலை ஓட்டுவதைப் பார்த்து 'வை, வை, காலை வை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாராம். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று கிரீஸ் தடவும்போதுகூட சகலை வளைவில் திரும்புகிற விதம் கண்முன்னால் வரும். எப்படித் திரும்புகிறான்? எங்கே கற்றான்? கேட்கலாம். கேட்டால் தான் கீழே இறங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மனைவி கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க சகலை வீட்டுக்குப் போனார். பின்பக்கம் வண்டி நின்றது. வலது கைப்பிடியில் பிரேக் லீவர் இல்லை. குனிந்து பார்த்தார், பின் பிரேக்கின் கால் மிதியும் இல்லை. இரண்டும் ஜன்னல் விளிம்பில், பல் அச்சுகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

"என்ன சகலை, பிரேக் போச்சா?"

"போகலண்ணே. நான்தான் கழட்டி வெச்சிருக்கேன். வாரத்துல மூணு நாள் பிரேக் இல்லாமதான் ஓட்டறது."

"எதுக்கு?"

"பிரேக் இருந்தா தப்பா போனாலும் புடிச்சு நிறுத்திடலாம். அப்புறம் என்ன தப்பு பண்ணோம்னே தெரியாது. இல்லேன்னு வெச்சுக்கங்க, இறங்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சாகணும். என்ன கியர், உடம்ப எவ்வளவு பின்னாடி தள்றது, எந்த மேட்டுல விட்டா வேகம் தானா கொறையும்... போட்டி அன்னிக்கு மறுபடி மாட்டிக்குவேன். அப்ப ஒரு விரல் பட்டா போதும்."

"எத்தன நாளா இது?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

சகலை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். லிஃப்ட்காரருக்கு மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் தொழிலில் எல்லாம் கைவிட்டாலும் பிரேக் கைவிடக் கூடாது. கரண்ட் போன கணமே அது தானாகக் கவ்விக்கொள்ள வேண்டும். இருபது வருடமாக அந்தக் கவ்வலை நம்பி ஜனங்களை மேலே அனுப்பியவர். அந்த ஞாயிறு குவாரியில், "பிரேக்க கழட்டிட்டு ஓட்டறானாம், பைத்தியம்" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் வண்டியைக் குவாரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். லீவரையும் மிதியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சகலை முதல் இரண்டு மாதம் சமதரையில் இரண்டு செங்கல்லை வைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில்தான் பழகியிருந்தார். அது இவருக்குத் தெரியாது. கேட்டால்தானே? நேராகப் பெரிய சரிவின் தலைக்குப் போனார். ஒன்றரை வருடத்தை ஒரே மத்தியானத்தில் எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு.

பாதி சரிவில் இல்லாத லீவரை அவர் விரல் இழுத்தது. வலது கால் வெறும் காற்றை மிதித்தது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அடிவாரத்துப் பாறையில் முன்சக்கரம் மோதி, வண்டி அவர்மேல் சாய்ந்தது. கணுக்கால் அடியில் சிக்கிக்கொண்டது. போன் இருந்த பை முப்பதடி தூரத்தில் ஒரு செடியில் தொங்கியது. அது இரண்டு தடவை அடித்து ஓய்ந்ததைக் கேட்டுக்கொண்டே வெயிலில் கிடந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. "யாரா இருந்தாலும் சரி, அவன் மட்டும் வேண்டாம்னு வேண்டிக்கிட்டேன்" என்றார் என்னிடம். சகலைதான். புதன்கிழமை அவர் பழகும் நாள்.

சகலை வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பிரேக் இல்லாத கைப்பிடியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த லீவரையும் பார்த்தார். "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோளில் சாய்த்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

லிஃப்ட்காரரின் மனைவி அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். புருஷன் காலுக்கும் அவரேதான் எடுத்தார்.

"ரெண்டு எலும்புல விரிசல். ஆறு வாரம் கட்டு. ஏங்க, பிரேக் எங்க போச்சு?"

"கழண்டு விழுந்துடுச்சு."

"விழுந்தது நேரா உங்க பாக்கெட்டுக்குள்ளயா விழுந்துச்சு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எலும்பு ஒடஞ்சாதான் எக்ஸ்ரே வேணும். வயிறு எரியறதுக்கு வேண்டாம். வெறுங்கண்ணுக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மாமியார் மாலையில் வந்து, "நல்லவேளை, சின்ன மாப்பிள்ளை அங்க போனாரு" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றையும் எண்ணினேன் என்றார் லிஃப்ட்காரர்.

வருடாந்திரப் போட்டி வந்தபோது கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் ஓட்டக் கூடாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாரே என்று நான்தான் அவரை ஏழாவது கட்டத்துக்கு நடுவராகப் போட்டேன். அந்தத் தப்பு என் தலையில்தான். வேலை ஒன்றும் பெரிதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டுகிறவர் எத்தனை தடவை கால் வைக்கிறார் என்று பார்த்து, விரலைத் தூக்கிக் காட்டி, அவர் அட்டையில் துளை போட வேண்டும். நடுவர் போட்ட துளை போட்டதுதான்.

கடைசிச் சுற்றில் சகலை அந்தச் சரிவில் இறங்கினார். வளைவில் பின்சக்கரம் சறுக்கி, இடது கால் மிதியை விட்டு வெளியே வந்தது. தரைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்று, மறுபடி மிதிக்குப் போய்விட்டது. சக்கரம் கிளப்பிய புழுதி மட்டும் எழுந்தது. லிஃப்ட்காரர் நாலு எட்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கால் படவில்லை என்பதைத் தெளிவாகப் பார்த்தார்.

ஒரு விரலைத் தூக்கினார்.

"விரல் தானா தூக்கிக்கிச்சுன்னு சொன்னா அது இன்னொரு பொய். நான்தான் தூக்கினேன்" என்றார் பிற்பாடு.

சகலை வண்டியை நிறுத்தி அந்த விரலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"வெச்சேனாண்ணே?"

"வெச்சீங்க."

"வைக்கலைன்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்க பாத்ததுதான் சரியா இருக்கும்." அட்டையை நீட்டினார். துளை விழுந்தது.

சகலைக்கு மொத்தம் எட்டு. சிமெண்ட் கலவை லாரி ஓட்டுகிற ஒரு அம்மாவுக்கும் எட்டு. சமமாக வந்தால் யார் அதிகக் கட்டங்களைக் கால் வைக்காமல் தாண்டினார்களோ அவருக்குக் கோப்பை. அப்படிப் பார்த்ததில் லாரியம்மாவுக்குப் போயிற்று. நான்தான் கூட்டிப் படித்தேன். சகலை கை தட்டினார். லிஃப்ட்காரர் அன்று வீட்டுக்குப் போய், பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாராம்.

அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் மைத்துனி அக்காவிடம் வந்து அழுதார். "அவரு என்னமோ மாதிரி இருக்காருக்கா. பல்லுக்கு அச்சு எடுக்கற வெள்ளப் பவுடர மூட்டையா தூக்கிட்டு குவாரிக்குப் போறாரு. அந்த வளைவுல தூவிட்டு ஓட்டறாரு. ஒவ்வொரு தடவையும் எறங்கி, ஷூவுக்கு அடியில வெள்ளை ஒட்டியிருக்கான்னு பாக்கறாரு. கால் படுதா படலையான்னு தனக்கே தெரியலையாம்."

லிஃப்ட்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த போட்டியில் சகலை கட்டத்துக்குக் கட்டம் கீழே குனிந்து தன் காலையே பார்த்தார். காலைப் பார்க்கிறவன் பாதையைப் பார்க்க முடியாது. முப்பத்தொன்று புள்ளி, பதினோராம் இடம். ஓரத்தில் நின்று பார்த்த லிஃப்ட்காரருக்கு அடிவயிற்றில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது வந்ததைக் கண்டுதான் அவர் பயந்துபோனார்.

மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விளக்கைப் போட்டேன்.

"எழுத்து கலங்கலா தெரியுதா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. அதான் பிரச்சினையே" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் முடிக்கும்வரை விளக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

"எழுதிக் கொடுங்க" என்றேன். "பட்டியல மாத்தணும். ஆனா மொதல்ல அவருகிட்ட நீங்க சொல்லணும். என் பட்டியலப் பாத்து அவருக்குத் தெரியக் கூடாது."

நாற்காலியிலிருந்து எழுந்து நேராக அங்கேதான் போனார். சகலை விளக்கடியில் மெழுகுக் கத்தியோடு குனிந்திருந்தார். லிஃப்ட்காரர் உட்காரவில்லை.

"உங்க கால் படல. நான் பொய் சொன்னேன்."

கத்தி நின்றது. "ஏழாவது கட்டமா?"

"ஆமா."

"தப்பா பாத்துட்டீங்களா?"

"இல்ல. சரியாத்தான் பாத்தேன்."

சகலை கத்தியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

"கப்பு போனா மயிரே போச்சு" என்றார் சகலை. அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை. "மூணு மாசமா என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. வீட்டுப் படி எறங்கும்போதுகூட குனிஞ்சு பாக்கறேன். ராத்திரி பகல் இதே நெனப்பு. என் காலு சொன்னத நம்பாம உங்க கண்ண நம்பினேன் பாருங்க."

"பொறாமைதான். வேற ஒண்ணும் இல்ல."

"அது தெரியாதா எனக்கு? அன்னிக்கு வண்டிக்கு அடியில கெடந்தீங்களே, அப்பவே தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணியிருக்கணும்? உங்களுக்காக விழுந்துகிட்டே இருக்கணுமா?"

சகலை கதவைக் காட்டினார்.

"போயிடுங்க. இப்ப என்னால உங்க மூஞ்சியப் பாக்க முடியாது."

நான் பட்டியலைத் திருத்திப் பலகையில் ஒட்டினேன். நடுவர் பொய்ப் புள்ளி போட்டார் என்று காரணத்தையும் எழுதினேன்; அவரே அப்படித்தான் எழுதச் சொன்னார். ஒரு வருடம் போட்டியில் கலந்துகொள்ளத் தடை. நடுவர் வேலை இனி எப்போதும் இல்லை. கோப்பையைத் திருப்பிக் கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு லாரியம்மாவுக்குப் போன் செய்தேன். "வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. வைக்காத காலுக்குக் கெடச்ச கப்பு எனக்கு எதுக்கு? தூசி தொடைக்கிற வேலையாவது மிச்சம்" என்றார். கோப்பையை சகலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

எட்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. குடும்பமாகக் கூடினால் அக்கா தங்கை இருவரும் புருஷன்மார்களை ஆளுக்கொரு மூலையில் உட்காரவைப்பார்கள். மாமியாருக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. "ரெண்டு மாப்பிள்ளைக்கும் நடுவுல என்ன, லிஃப்ட் நின்னுபோச்சா?" என்று அவர் கேட்க, சிரிக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கிளப்பிலும் சிலர் லிஃப்ட்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதற்காக யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தடை வருடத்தில் அவர் பிரேக்கைக் கழற்றினார். இந்த முறை சமதரையில், இரண்டு செங்கல்லோடு. வேலை முடிந்து மாலையில் வருவார். ஒரு செங்கல்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எட்டு போட்டு ஓட்டுவார், நடக்கிற வேகத்தைவிட மெதுவாக. ஒரு மாதம்வரை அவர் விரல் இல்லாத லீவரைத் தேடியது. எத்தனை தடவை தேடுகிறது என்று எண்ணினாராம். முதல் நாள் நூற்றுக்கு மேல். தன் ஓட்டம் முழுவதுமே கடைசி நொடியில் பிடித்து நிறுத்திச் சமாளித்ததுதான் என்பது பதினான்கு வருடம் கழித்து அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "அசிங்கமா இருந்துச்சு" என்றார். சரிவுக்குப் போக ஆறு மாதம் ஆயிற்று.

சகலைக்கும் கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வெள்ளைப் பவுடரை விட்டார். மறு வருடம் முதலிடம். அதற்கடுத்து மேல்வகுப்புக்குப் போய்விட்டார்; அங்கே பாறைகள் ஆள் உயரம்.

தடை முடிந்து லிஃப்ட்காரர் கலந்துகொண்ட மூன்றாவது போட்டி அது. ஏழாவது கட்டத்தின் தலையில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். சகலை நாடாவுக்கு வெளியே நின்றிருந்தார். அதுவரை வீட்டில் "தண்ணி வேணுமா", "வேண்டாம்" என்ற அளவுக்குத்தான் இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"எறங்கறதுக்கு முன்னாடி மூச்சப் புடிச்சுக்கறீங்க" என்றார் சகலை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "உடம்பு கட்டயாயிடுது. விட்டுட்டு எறங்குங்க."

லிஃப்ட்காரரின் முகம் சுண்டிப்போனதை நான் கீழிருந்து பார்த்தேன். பிறகு தோள் இறங்கியது, மூச்சை விட்டார், இறங்கினார். வளைவில் பின்சக்கரம் லேசாக இழுத்தது. கால் மிதியிலேயே இருந்தது. அன்றைய நடுவரான லாரியம்மா முஷ்டியை மூடிக் காட்டினார். சுத்தம்.

மதியம் நான் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்தார். அவருக்கு ஐந்தாம் இடம்.

"அவன் சொல்லாட்டியும் நான் சுத்தமாத்தான் எறங்கியிருப்பேன்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். அவர் போகவில்லை. ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"எறங்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.